தேதி குறிப்பிடாத விடுமுறை

உங்களில் பெரும்பாலோர் இந்த விடுதிப் பொறுப்பைக் கேட்டு வாங்கியிருக்க மாட்டீர்கள். நானும் கேட்கவில்லை. பொருளாதாரம் கற்பிக்க வேலைக்கு வந்தவள் நான். துறையில் இளையவள், பெண், உள்ளூர்க்காரி என்ற மூன்று காரணங்களுக்காக மகளிர் விடுதியின் சாவியை என் கையில் கொடுத்தார்கள். ஒரு வருஷம் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். முதலில் திண்டிவனத்தில் ஒரு கல்லூரியில், பிறகு விழுப்புரத்தில் இன்னொன்றில், ஓய்வு பெறும்வரை அந்தச் சாவி என்னைவிட்டுப் போகவில்லை.

சமையலறை, தண்ணீர் மோட்டார், வருகைப் பதிவேடு, பார்க்க வரும் உறவினர்கள் எல்லாம் மூன்று மாதத்தில் உங்களுக்குப் பழகிவிடும். அவற்றைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. விடுதியை மூடச் சொல்லி உத்தரவு வரும் நாளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அது எல்லோருடைய பணிக்காலத்திலும் வரும். எனக்குப் பலமுறை வந்தது. இரண்டு முறை தப்புச் செய்தேன்.

நாட்டில் பெரிதாக எது நடந்தாலும் பல்கலைக்கழகத்துக்கு அது ஒரு வரிச் சுற்றறிக்கையாகத்தான் வந்து சேரும். நான் மாணவியாக இருந்தபோது, எங்கள் பக்கம் சாலையில் மரங்களை வெட்டிப் போட்டு மறியல் நடந்தது. பேருந்து இல்லை, தேர்வு தள்ளிப்போனது. எங்களுக்குப் பின்னால் வந்தவர்களுக்கு இடஒதுக்கீட்டுக் கலவரம். அப்புறம் ஒரு தலைவர் கொல்லப்பட்ட நாள். பிறகு ஈழப்போர். பிறகு கொரோனா. நடுவில் எங்கள் கல்லூரி எந்தப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருக்கிறது என்பதே சில தடவை மாறியது. சேரும்போது ஒரு பெயர், பட்டம் வாங்கும்போது வேறு பெயர். ஒவ்வொரு முறையும் கடைசியில் அந்த ஒரு வரிதான் வரும்: தேதி குறிப்பிடாமல் கல்லூரி மூடப்படுகிறது, மாணவர்கள் விடுதியை உடனே காலி செய்யவும்.

அந்த வரி ஆண்கள் விடுதிக்குப் போனால் விசில் சத்தம் கேட்கும். மகளிர் விடுதியில் அதே வரியைப் படித்ததும் ஓர் அமைதி வரும். அதைக் கவனிக்க எனக்கு வெகுகாலம் ஆனது.

ஈழத்தில் போர் உச்சத்தில் இருந்த மாதங்கள் அவை. மாணவர்கள் ஊர் ஊராகத் தெருவுக்கு வந்துவிட்டார்கள். திண்டிவனத்திலும் வகுப்புகள் நின்றுபோயின. எங்கள் விடுதிப் பெண்கள் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு வாசலில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் கலைச்செல்வி இருந்தாள். இரண்டாம் ஆண்டு வேதியியல். பனமலைக்கு அருகில் ஒரு கிராமம். அப்பாவுக்குச் சொந்தமாகக் கொஞ்சம் நிலம், அதில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுவார். அந்த வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் படிக்க வந்த முதல் ஆள் அவள்.

மூன்றாம் நாள் காலை பதினொரு மணிக்கு உத்தரவு வந்தது. மூன்று மணிக்குள் விடுதி காலியாக இருக்க வேண்டும். நான்கு மணி நேரத்தில் ஒரு விடுதியைக் காலி செய்வது எப்படி என்பது அப்போது எனக்கு அத்துப்படி. ஊர்வாரியாகப் பெயர் எழுதினேன். செஞ்சிப் பக்கம் ஒரு கூட்டம், மரக்காணம் பக்கம் ஒரு கூட்டம், விழுப்புரத்துக்கு ஒரு கூட்டம். பொறுப்புக்கு ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரு மூத்த மாணவி.

பட்டியல் எழுதிக்கொண்டிருந்தபோது கலைச்செல்வி வந்து மேசைக்கு எதிரே நின்றாள்.

"மேடம், நான் மட்டும் இங்கியே இருந்துக்கட்டா?"

"எப்படிம்மா? எல்லாரும் போகணும்னு ஆர்டர்."

"சமையல் அம்மா இருக்காங்க இல்ல, அவங்ககூட இருந்துக்கறேன். நான் இருக்கறதே தெரியாது மேடம்."

"ஏன், உங்க ஊருக்கு பஸ் இல்லியா?"

"பஸ் இருக்குது மேடம்."

"அப்புறம் என்ன? விக்கிரவாண்டி போற பொண்ணுங்களோட சேந்து கிளம்பு. ஜல்தியா பெட்டிய கட்டு."

அவள் இன்னும் சிறிது நேரம் நின்றாள். நான் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது போயிருந்தாள்.

இரண்டரை மணிக்கே விடுதி காலியாகிவிட்டது. முதல்வர் வந்து பார்த்துவிட்டு, "மத்த இடத்துல எல்லாம் திண்டாடிக்கினு இருக்காங்க. நீங்க எப்பிடித்தான் முடிச்சீங்களோ" என்றார். எனக்கு அன்று பெருமையாக இருந்தது. அதை மறைக்கவில்லை.

வாசல் கதவைப் பூட்டும்போது எங்கள் சமையல் அம்மா பக்கத்தில் நின்றார். என் வயதுதான் இருக்கும் அவருக்கும். அதிகம் பேசாதவர்.

"அந்தப் பனமலைப் பொண்ணு அழுதுகினே போச்சுங்க மேடம். பாத்தீங்களா?"

"வீட்டுக்குப் போறதுக்கு யாராவது அழுவாங்களா? போராட்டம் நின்னுபோச்சேன்னு அழுதிருக்கும்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பின்பக்கமாகச் சமையலறைக்குப் போய்ப் பாத்திரங்களைக் கவிழ்த்து வைக்க ஆரம்பித்தார்.

சில வாரங்கள் கழித்துக் கல்லூரி திறந்தது. பெண்கள் பெட்டியோடு வந்து இறங்கினார்கள். கலைச்செல்வி வரவில்லை. ஒரு வாரம் பார்த்தேன். கடிதம் போட்டேன், பதில் இல்லை. அப்புறம் அவளுடைய அண்ணன் வந்தார், அவள் விட்டுப்போன புத்தகங்களையும் போர்வையையும் எடுத்துப் போக.

"அவளுக்குக் கல்யாணம் ஆயிடுச்சுங்க. கூட்டேரிப்பட்டுல குடுத்திருக்குது" என்றார். அவருக்கு அது சாதாரணச் செய்தி.

திண்டிவனத்திலிருந்து கூட்டேரிப்பட்டுக்கு எவ்வளவு நேரம் ஆகிவிடப் போகிறது? ஆனாலும் நான் போக இரண்டு மாதம் ஆனது. வேலை இருந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு சனிக்கிழமை மதியம் அந்த நெடுஞ்சாலைக் கூட்டுரோட்டில் இறங்கி விசாரித்துக்கொண்டு போனேன். ஒரு பஞ்சர் கடை, அதற்குப் பின்னால் வீடு. கலைச்செல்வி விதைக்காக மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து மடியில் இருந்த தோலைத் தட்டிவிட்டாள். உட்கார நாற்காலி போட்டாள். தண்ணீர் கொண்டுவந்தாள். கோபமாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"எப்படிம்மா இருக்கே?"

"நல்லா இருக்கேன் மேடம். அவரும் நல்லவருதான். அதுல ஒண்ணும் கொறை இல்ல."

"ஏன்மா திடீர்னு?"

"திடீர்னு எல்லாம் இல்ல மேடம். ரொம்ப நாளா கேட்டுக்கினுதான் இருந்தாங்க. ஹாஸ்டல்ல இருக்கா, படிச்சிக்கினு இருக்கான்னு எங்க அம்மா தள்ளிக்கினே வந்தாங்க. நான் ஊட்டுக்குப் போனதும் காலேஜ் எப்பத் தொறப்பாங்கன்னு அப்பா கேட்டாரு. தேதி போடலன்னு சொன்னேன். தேதியே இல்லன்னா அப்புறம் எதுக்கு சும்மா உக்காந்துகினு இருக்கணும்னு முடிவு பண்ணிட்டாங்க."

"இத நீ அன்னிக்கே என்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா."

அவள் ஒரு மல்லாட்டையை எடுத்து உடைத்தாள். பருப்பைத் தட்டில் போட்டாள்.

"சொல்லத்தான் மேடம் வந்தேன். நீங்க பஸ்ஸப் பத்திக் கேட்டீங்க."

தொலைதூரக் கல்வி, தனித்தேர்வர் என்று ஏதேதோ சொன்னேன். விண்ணப்பப் படிவங்களை வாங்கித் தபாலில் அனுப்பினேன். அவை திரும்பி வரவில்லை. அவள் படிப்பை முடிக்கவில்லை. என்னுடைய திறமையான நான்கு மணி நேரத்தின் விளைவு அது. இன்றும் விழுப்புரம் போகும் பேருந்தில் கூட்டேரிப்பட்டு வந்தால் நான் சாலையின் மறுபக்கத்தைப் பார்த்துக்கொள்வேன்.

அதற்குப் பிறகு நான் மாறிவிட்டேன் என்று நினைத்தேன். எந்தப் பெண்ணையும் காரணம் கேட்காமல் வீட்டுக்கு அனுப்புவதில்லை என்று ஒரு விதியை வைத்துக்கொண்டேன். மழை வெள்ளம், வேலைநிறுத்தம், எதற்காக விடுதி மூடினாலும் ஒவ்வொருத்தியையும் தனியாக அழைத்து, "போறதுல உனக்கு ஏதாவது கஷ்டம் இருக்கா?" என்று கேட்பேன். சக ஊழியர்கள் சலித்துக்கொள்வார்கள். பத்துப் பதினோரு வருஷம் அப்படியே நடந்தது. சில பெண்களுக்கு அது உதவியிருக்கவும் வேண்டும். உதவியவற்றைப் பற்றி எனக்கு அதிகம் ஞாபகமில்லை.

கொரோனா வந்தபோது நான் விழுப்புரம் கல்லூரியில் இருந்தேன். கணவர் காலமாகிவிட்டார். மகன் பெங்களூரில். திண்டிவனத்து வீட்டிலிருந்து தினமும் போய்வந்து கொண்டிருந்தேன். மார்ச் மாதம் நடுவில் உத்தரவு வந்தது. கல்லூரிகளுக்கு இரண்டு வாரம் விடுமுறை, விடுதி காலியாக வேண்டும். அப்போது ஊரடங்கு என்ற சொல்லே யார் வாயிலும் இல்லை. பேருந்துகள் ஓடிக்கொண்டிருந்தன.

வழக்கம்போல ஒவ்வொருத்தியாக அழைத்துக் கேட்டேன். பெரும்பாலும் சிரித்துக்கொண்டே போனார்கள். ஒருத்தியின் பெற்றோர் செங்கல் சூளையில் இருந்தார்கள், ஊரில் வீடு பூட்டியிருந்தது. அவளைத் தோழியின் வீட்டுக்கு ஏற்பாடு செய்து அனுப்பினேன். அடுத்ததாக ஸ்டெல்லா வந்தாள்.

ஸ்டெல்லா முகையூர்ப் பக்கத்துப் பெண். மூன்றாம் ஆண்டு கணிதம். அப்பாவும் அம்மாவும் மற்றவர்கள் கழனியில் கூலி வேலை செய்பவர்கள். கூடப் பிறந்தவர்கள் இல்லை. கணக்கில் கெட்டிக்காரி. ஆனால் எதையும் மெதுவாகத்தான் பேசுவாள். ஒரு வாக்கியத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஓர் இடைவெளி விடுவாள்.

"போறதுல ஏதாவது கஷ்டம் இருக்காம்மா?"

"கஷ்டம்னு இல்ல மேடம்." கொஞ்சம் நிறுத்தினாள். "ஊட்ல கல்யாணப் பேச்சு வந்திச்சு. மாமா ஒருத்தரு மாப்ள பாத்து வெச்சிருக்காரு."

அவ்வளவுதான் அவள் சொன்னது. எனக்கு எதிரே ஸ்டெல்லா நின்றுகொண்டிருந்தாள். ஆனால் நான் பார்த்தது கலைச்செல்வியை. மீதியை நானே நிரப்பிக்கொண்டேன்.

"நீ ஊருக்குப் போக வேணாம். கடைசி செமஸ்டர். என் வீட்டுக்கு வந்துடு. ரெண்டு வாரம்தானே" என்றேன்.

"இல்ல மேடம், எங்க அப்பா..."

"அப்பாகிட்ட நான் பேசறேன்."

போன் எண்ணை வாங்கி அப்போதே அழைத்தேன். கழனியில் இருந்தார் போலிருக்கிறது, காற்றுச் சத்தம் கேட்டது. தேர்வு நெருங்குகிறது, வீட்டுக்கு வந்தால் படிப்பு கெடும், நான் வைத்துக்கொள்கிறேன் என்றேன். கல்யாணத்தைப் பற்றி வாயெடுக்கவில்லை. அந்தப் பேச்சே வராமல் காரியத்தை முடிப்பதைச் சாமர்த்தியம் என்று நினைத்தேன்.

"நீங்க சொன்னா சரியாத்தாங்க இருக்கும். நாங்க இன்னா கண்டோம்? பாத்துக்கோங்க" என்றார்.

மாணவியை வீட்டுக்கு அழைத்துப் போக விதியில் இடமில்லை. முதல்வரிடம் சொன்னேன். "எழுத்துல எதுவும் கேக்காதீங்க மேடம். எனக்குத் தெரியாத மாதிரி இருக்கட்டும்" என்றார். நான் அதற்கும் தயாராக இருந்தேன். உண்மையைச் சொன்னால் எனக்கு அன்று ஒரு நிறைவு இருந்தது. பழைய தப்பைத் திருத்திவிட்டவளின் நிறைவு.

ஸ்டெல்லா என் வீட்டில் நல்ல பிள்ளையாக இருந்தாள். காலையில் எனக்கு முன்பே எழுந்து வாசல் கூட்டிவிடுவாள். கூடத்தில் உட்கார்ந்து கணக்குப் போடுவாள். ஐந்தாவது நாள், "ஊருக்கு ஒரு தடவ போய்ட்டு வந்துரட்டா மேடம்?" என்று கேட்டாள்.

"இரும்மா. நிலைமை சரியாகட்டும், நானே கூட்டிக்கினு போறேன்."

சரி என்று தலையாட்டினாள். அந்த வாரமே ஊரடங்கு வந்தது. பேருந்துகள் நின்றன. இரண்டு வாரம் மூன்றாகி, மாதமாகி நீண்டது. விழுப்புரத்தில் எங்கள் விடுதியை நோய்த்தொற்று உள்ளவர்களைத் தனிமைப்படுத்தி வைக்க எடுத்துக்கொண்டார்கள். பெண்கள் பூட்டிவிட்டுப் போன அறைகளைத் திறந்துவிட நான்தான் சாவி கொடுத்தனுப்பினேன்.

ஈஸ்டர் அன்று ஸ்டெல்லா தொலைபேசியில் பூசை கேட்டாள். பிறகு அப்பாவிடமும் அம்மாவிடமும் வெகுநேரம் பேசினாள். அதிலிருந்து சில நாள் கழித்து, ஒரு காலைப் பொழுதில் அவளுக்கு ஓர் அழைப்பு வந்தது. பக்கத்து வீட்டுக்காரர். நான் சமையலறையில் இருந்தேன். கூடத்தில் பேச்சே கேட்காததால் எட்டிப் பார்த்தேன். போனைக் காதில் வைத்தபடி சுவரைப் பார்த்து நின்றிருந்தாள்.

"எங்க அப்பா செத்துட்டாராம் மேடம்" என்றாள்.

விடியற்காலை நெஞ்சு வலி என்று எழுந்து உட்கார்ந்திருக்கிறார். வியர்த்துக் கொட்டியிருக்கிறது. அவள் அம்மா ஒவ்வொரு கதவாகத் தட்டி ஆள் எழுப்பி, ஆம்புலன்சுக்குச் சொல்லி, அது திருக்கோவிலூரிலிருந்து வருவதற்குள் முடிந்துவிட்டது. பயத்தில் சிலர் கதவைத் திறக்கவே இல்லையாம். அந்த நேரத்தில் யாரையும் குறை சொல்ல முடியாது.

வெளியே போக அனுமதிச் சீட்டு வேண்டும். விண்ணப்பித்தேன். தெரிந்தவர்களையெல்லாம் அழைத்தேன். மதியத்துக்குள் அடக்கம் செய்துவிடச் சொல்லி ஊரில் அவசரப்படுத்தினார்கள். இருபது பேருக்கு மேல் கூடக்கூடாது. இரண்டு மணிக்கு அவளுடைய போனில் வீடியோ அழைப்பு வந்தது. கல்லறைத் தோட்டத்தில் யாரோ போனைப் பிடித்திருந்தார்கள். சிக்னல் விட்டுவிட்டு வந்தது. முகம் தெரியும்போது படம் உறைந்துவிடும். அது மறுபடி அசையும்போது மண் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஸ்டெல்லா சத்தம் போட்டு அழவில்லை. போனை மேசையில் வைத்துவிட்டுக் கொல்லைப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள். பக்கத்தில் போய் உட்கார எனக்குத் தைரியம் இல்லை.

அனுமதி மறுநாள் காலை வந்தது. ஒரு வாடகைக் காரில் கிளம்பினோம். விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் ஆளே இல்லை. விழுப்புரத்துக்கு முன்னால் போலீஸ்காரர் ஒருவர் வண்டியை நிறுத்திச் சீட்டை வாங்கிப் பார்த்தார்.

"சாவா? எடுத்துட்டாங்களா?"

"எடுத்துட்டாங்க" என்றேன்.

"அப்ப எதுக்குங்க போறீங்க?"

பின்சீட்டிலிருந்து ஸ்டெல்லா சொன்னாள்: "எங்க அம்மாவப் பாக்க சார்."

அவர் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தடுப்பைத் தள்ளினார்.

ஓட்டு வீடு. உள்ளே மேசை மேல் அவருடைய படமும் ஒரு மெழுகுவத்தியும். ஸ்டெல்லாவின் அம்மா மகளைக் கட்டிக்கொண்டு அழுதார். அப்புறம் என்னை அழைத்து உட்காரச் சொன்னார். பக்கத்து வீட்டிலிருந்து கேப்பைக் கூழ் வந்திருந்தது. எனக்கும் ஒரு சொம்பில் ஊற்றிக் கொடுத்தார். மறுக்க முடியவில்லை.

"நீங்க நல்லபடியா வெச்சிருந்தீங்கம்மா. அவருக்கு அதுல ரொம்ப சந்தோசம். டீச்சர் ஊட்ல படிக்குது எம் பொண்ணுன்னு சொல்லிக்கினே இருப்பாரு" என்றார் அவர்.

"கல்யாணப் பேச்சுன்னு சொன்னா. அதான் பயந்துட்டேன்" என்றேன். என்னை அறியாமல் வாயில் வந்துவிட்டது.

அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"எந்தக் கல்யாணம்? எங்க அண்ணன் பாத்தாரே, அதுவா? அத அவரு அப்பவே வேணாம்னு திருப்பி அனுப்பிட்டாரேம்மா. பொண்ணு படிப்ப முடிச்சு வேலைக்குப் போவட்டும், அப்புறம்தான் எவன் பேச்சும்னு எங்க அண்ணங்கிட்ட சண்டையே போட்டுட்டாரு. அதுலருந்து எங்க அண்ணன் பேசறது இல்ல. சாவுக்குத்தான் வந்தாரு."

நான் ஸ்டெல்லாவைப் பார்த்தேன். அவள் அம்மாவின் தோளில் சாய்ந்திருந்தாள்.

"உனக்கு இது தெரியுமாம்மா?"

"தெரியும் மேடம்."

"அப்ப ஏன்..."

"அதத்தான் சொல்ல வந்தேன். மாமா பாத்தாரு, எங்க அப்பா வேணாம்னுட்டாரு, ஊட்ல சண்டை, அப்பா மனசு ஒடஞ்சி இருக்காரு, நான் போய்க் கூட இருக்கணும், லீவு முடிஞ்சி ரெண்டு நாள் லேட்டா வந்தாலும் ஹாஸ்டல்ல சேத்துக்குவீங்களான்னு கேக்க வந்தேன். நீங்க அதுக்குள்ள போன் போட்டுட்டீங்க."

அவள் குரலில் குற்றச்சாட்டு இல்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். கொஞ்ச நேரம் கழித்து, தானாகவே இன்னொன்றும் சொன்னாள்.

"எங்க அம்மாவுக்கு போன்ல நம்பர் போடத் தெரியாது மேடம். நான் இருந்திருந்தா ஒடனே ஆம்புலன்சுக்குப் போட்டிருப்பேன்."

"சும்மா இருடி. வந்த மனுசங்ககிட்ட இன்னா பேச்சு இது? நீ இருந்திருந்தாலும் அவ்ளோதான். ஆண்டவர் போட்ட கணக்கு" என்றார் அந்த அம்மா. பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க மனசுல வெச்சுக்காதீங்கம்மா" என்றார்.

காரில் ஏறும்போது ஸ்டெல்லா வாசல்வரை வந்தாள். அவள் திரும்பி என்னோடு வரவில்லை. நானும் கூப்பிடவில்லை.

"அம்மா சொன்னது உங்களுக்காக மேடம்" என்றாள். "எனக்குத் தெரியல. ஆம்புலன்ஸ் முன்னாடியே வந்திருந்தா பொழச்சிருப்பாரா, இல்லியா. எனக்குத் தெரியல."

எனக்கும் தெரியவில்லை. இன்றுவரை தெரியாது.

இளைய தோழிகளே, எனக்குப் பட்டது இதுதான். முதல் தடவை நான் கேட்காமல் அனுப்பினேன். இரண்டாம் தடவை கேட்டேன், ஆனால் பதில் முடியும்வரை பொறுக்கவில்லை. போன தடவை செய்த தப்பைக் கையில் பிடித்துக்கொண்டு இந்தத் தடவையைத் தீர்மானித்தேன். அனுபவம் என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்வது பல நேரம் இவ்வளவுதான்: எதிரே நிற்பவளைப் பார்க்காமல், எப்போதோ நின்றவளைப் பார்ப்பது. நெருக்கடியில் உங்களுக்கு நேரமே இருக்காது. மூன்று மணிக்குள் காலி என்பார்கள். அந்த மூன்று மணியை யாரும் நான்கு மணியாக்கித் தரமாட்டார்கள். ஆனால் ஒரு பெண் வாக்கியத்தை முடிக்க அரை நிமிஷம் போதும். அந்த அரை நிமிஷத்தை நான் இரண்டு தடவையும் கொடுக்கவில்லை.

மற்றதையும் சொல்லிவிடுகிறேன். இறுதித் தேர்வு வீட்டிலிருந்தே எழுதலாம் என்று பல்கலைக்கழகம் அறிவித்தது. வினாத்தாள் போனில் வரும், எழுதிப் படமெடுத்து அனுப்ப வேண்டும். ஸ்டெல்லாவின் வீட்டில் சிக்னல் கிடையாது. ஏரிக்கரைக்குப் போய் வினாத்தாளை இறக்கிக்கொண்டு, அங்கேயே ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து எல்லாத் தேர்வையும் எழுதினாள். அம்மா பக்கத்தில் நின்று ஆடுகளை விரட்டினாராம். நல்ல மதிப்பெண்.

அப்பா போனதும் மாமா மறுபடி அதே மாப்பிள்ளையோடு வந்தார். ஆனால் இந்த முறை நான் எதுவும் செய்யவில்லை. செய்யத் தேவையும் இருக்கவில்லை. ஸ்டெல்லாவின் அப்பா சொன்னது சொன்னதுதான் என்று அந்த அம்மாவே தன் அண்ணனை அனுப்பிவிட்டார். ஸ்டெல்லா பி.எட். முடித்தாள். எப்போதாவது என்னை அழைப்பாள். பழையதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை.

வேலைக்கு அலைந்த நாட்களில் போன இடமெல்லாம் ஒரே கேள்வி. "கொரோனா பேட்சா?" என்று கேட்டுவிட்டுச் சிரிப்பார்களாம். படிக்காமலே தேறிய கூட்டம் என்று அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு பெயர். ஒரு தனியார் பள்ளியிலும் அப்படித்தான் கேட்டிருக்கிறார்கள்.

"நீ என்ன சொன்னே?" என்றேன்.

"ஒண்ணும் சொல்லல மேடம். போர்டுல ஒரு கணக்கு போடச் சொன்னாங்க. போட்டேன்."

அந்தப் பள்ளியில்தான் இப்போது வேலை செய்கிறாள். நான் ஓய்வு பெற்றுச் சில மாதம் கழித்து அங்கிருந்து அழைத்தாள்.

"மேடம், எங்க கிளாஸ்ல ஒரு பொண்ணு ரெண்டு வாரமா வரல. போன் பண்ணா எடுக்க மாட்றாங்க. ஊட்டுக்கு நேர்ல போலாம்னு இருக்கேன். போய் இன்னா மேடம் கேக்கணும்?"

என்னிடம் போய் இதைக் கேட்கிறாளே என்று இருந்தது. அவள் காத்திருந்தாள். அவளுக்குக் காத்திருக்கத் தெரியும்.

"எதுவும் கேக்காதம்மா. போய் உக்காரு. தண்ணி குடுத்தா வாங்கிக் குடி. அவங்களே பேசட்டும்."

"பேசலன்னா?"

"உக்காந்திரு."

"எவ்ளோ நேரம் மேடம்?"

"தெரியலம்மா. நான் உக்காந்து பாத்ததில்ல" என்றேன்.